கட்டைவிரலை உள்ளே மடக்கி

கல்லுமலைத் தோட்டம், லுக்குட்
1943 மே 9

அன்பு மகள் நீலாவதிக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் உசிரோடு இருக்கிறோம். இந்தக் காலத்தில் இதற்கு மேல் எழுதினால் பீற்றிக்கொள்கிறான் என்பார்கள். மலாயாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு தேதியையும் அவன் கணக்கில் 2603 என்று போட வேண்டுமாம். என் தலையைப் பார்த்தால் அந்த வயசு பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் பழைய கணக்கிலேயே போட்டிருக்கிறேன். இது தபாலில் வரவில்லை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்குச் சைக்கிள் மிதிக்கிற கணேசமூர்த்தியின் இடுப்பு மடியில் வருகிறது. அதனால் பயமில்லை. கொஞ்சம் வேர்வை வாடை இருக்கும், பொறுத்துக்கொள்.

எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறதே என்று நினைப்பாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து எப்போதும் அப்படித்தான். ஆனால் இந்தத் தடவை கோழிக்கும் உடம்பு சரியில்லை.

வலது கை மணிக்கட்டு வலிக்கிறது. மாசி மாதத்தில் ஆரம்பித்தது. முதலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற உளியைத் திருப்பும்போது சுருக்கென்றது. இப்போது பால் வாளியைத் தூக்கினால் வலி, கதவுக் கொண்டியைத் திருப்பினால் வலி, வேட்டியை முடிந்தால் வலி. வேட்டி என்றா எழுதினேன், துணி எங்கே கிடைக்கிறது, சாக்கு. விடியக்காலையில் எழுந்தால் விரல் எல்லாம் மரத்துப்போய், வேறு யாருடைய கையோ என் தோளில் தொங்குகிற மாதிரி இருக்கிறது.

உன் அம்மாவிடம் சொன்னேன். "சோறு பிசையறப்ப மட்டும் வலிக்காதே உங்களுக்கு" என்றாள். "சோறு எங்கடி இருக்கு பஞ்சாலை, கொண்டா, வலிக்குதான்னு பார்த்துச் சொல்றேன்" என்றேன். அன்றைக்குக் கிழங்குதான்.

வேடிக்கை போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ரப்பரை வாங்க ஆளில்லை. கொஞ்சம் மர நிரைகளில்தான் பால் வெட்டு நடக்கிறது, மற்ற இடமெல்லாம் மரவள்ளிக் காடு. உளி பிடிக்கிறவன் தோட்டத்துக்கு வேண்டும். உளி பிடிக்காதவனைச் சயாமுக்கு ரயில் ரோடு போட அனுப்புகிறார்கள். போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பவில்லை. மாப்பிள்ளையின் தம்பி சந்திரன் இங்கே மம்மட்டி பிடிக்கிறவன் ஆனதால், விடியக்காலையில் பெயர் கூப்பிடுகிற ஒவ்வொரு பெரட்டிலும், பட்டியல் எழுதுகிற கிராணியார் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். பாவமாக இருக்கிறது. என் கை இப்படி என்று தெரிந்தால் நானும் அவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டியதுதான்.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரி டிரசர் ஆயிற்றே. இது என்ன வலி, எதனால் வருகிறது என்று கேட்டுச் சொல். ஆனால் அப்பாவுக்கு என்று சொல்லாதே. பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தருக்கு என்று சொல். மாப்பிள்ளை தங்கராஜு மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. பேச்சு ஈரத் துணி மாதிரி, எங்கே வைத்தாலும் சொட்டும், அதனால் சொல்கிறேன்.

மாவு ஒரு பை அனுப்பியிருக்கிறேன். கிழங்காகத் தின்றால் உன் வயிறு ஏற்கவில்லை என்று உன் அம்மா சொன்னாள். இது துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, தெளிய வைத்துக் காயப்போட்டது. கஞ்சி காய்ச்சிக் குடி. உள்ளே இருக்கிற ஆளுக்கும் பங்கு கொடு.

அப்பா
இராஜமாணிக்கம்


அம்பாங்கான்
மே 16

அன்புள்ள அப்பாவுக்கு நீலாவதி எழுதிக்கொண்டது.

மாவு வந்தது. கஞ்சி மட்டும்தான் வயிற்றில் நிற்கிறது. மற்றதெல்லாம் வந்த வழியே போய்விடுகிறது.

நீங்கள் சொன்னபடியே பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று சொல்லிக் கேட்டேன். "எந்தப் பக்கம்?" என்றார். "இடது பக்கம்" என்று சொல்லிவிட்டேன். இடது பக்கத்தில் ஒரு சீனக் கிழவி மட்டும் இருக்கிறாள். நல்ல வேளை, அவர் அதற்குள் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். டிரசரிடம் வலி என்று சொல்லிவிட்டால் போதும், சாப்பாட்டை மறந்துவிடுவார்.

கை வலி என்று ஒரு வியாதியே இல்லையாம் அப்பா. அது பல வியாதிகள் வந்து தட்டுகிற ஒரே கதவாம். யார் தட்டுகிறார்கள் என்று பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாதாம். அதனால் நிறையக் கேட்கச் சொன்னார். ஒரு கையா, இரண்டு கையுமா? கால் பாதமும் மரத்துப்போகிறதா? அப்படியானால் அரிசியும் தவிடும் இல்லாததால் வருகிற பெரிபெரி. காலையில் எல்லா விரல் மூட்டும் வீங்கி, வெயில் ஏறும் வரை மடக்க முடியாமல் இருந்தால் அது வாதம். எப்போதாவது விழுந்து கையை ஊன்றினாரா, உள்ளே எலும்பு விரிசல் விட்டு ஒழுங்காகக் கூடாமல் இருக்கிறதா? மரத்துப்போவது எந்த விரல்கள், சுண்டுவிரலும் சேர்த்தா? மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வாசல் இருக்கிறதாம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலுக்குப் போகிற நரம்பு அந்த வழியாகத்தான் போக வேண்டுமாம். உள்ளே வீங்கினால் நரம்பு நசுங்கும். சுண்டுவிரலுக்கு வேறு வழி, அதனால் அது தப்பித்துக்கொள்ளும்.

இன்னொன்று கேட்கச் சொன்னார். எழுதவே பிடிக்கவில்லை. தோலில் வெளுத்த தேமல் எங்கேயாவது இருந்து, அந்த இடத்தில் குத்தினால் தெரியாமல் இருக்கிறதா? அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நாலு விரலால் அதை மூடிக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகக் கீழே சாய்க்க வேண்டும். கட்டைவிரல் அடியில் பிராணன் போகிற மாதிரி வலித்தால், அங்கே ஓடுகிற தசை நாரின் உறை வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். இதை வெள்ளைக்கார டாக்டர் இருந்தபோது அவருக்குக் காட்டினாராம். இங்கே வேறு யாருக்கும் தெரியாது என்று பெருமை வேறு.

மெதுவாகச் செய்யுங்கள். உங்களுக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது.

உங்கள் மகள்
நீலாவதி


கல்லுமலை
மே 23

நீலா,

மெதுவாகத்தான் செய்தேன். லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒதுங்குகிற இடத்தில் நின்று செய்தேன். நான் போட்ட சத்தத்தில் நாலு வீட்டு ஆட்கள் பாம்பு என்று கம்போடு வந்துவிட்டார்கள். பூரான் என்று சமாளித்தேன். "எங்க கடிச்சுது?" என்று கேட்டார்கள். சொல்லக்கூடாத இடத்தைச் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் யாரும் பார்க்கக் கேட்கவில்லை.

மற்றக் கேள்விகளுக்கும் பதில் எழுதுகிறேன், மாப்பிள்ளையிடம், அதாவது பக்கத்து வீட்டுக்காரர் விஷயமாக, சொல்லு. வலது கை மட்டும்தான். கால் பாதம் நன்றாக இருக்கிறது, முள் குத்துவதற்கு முன்னாலேயே துள்ளிவிடுகிறேன். விரல் மூட்டு வீக்கம் இல்லை. விழுந்தது என்றால், உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று வாய்க்காலில் விழுந்தேன், அப்போது உடைந்தது வேறு. சுண்டுவிரல் மரப்பதில்லை. கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டும்தான் மரக்கின்றன. கையை உதறினால் சரியாகிவிடுகிறது.

தேமல் விஷயம். உன் அம்மா என்னைக் குப்புறப் போட்டு எலுமிச்சை முள்ளால் முதுகு முழுக்கக் குத்தினாள். ஒரு இடம் விடவில்லை. எல்லா இடத்திலும் வலித்தது. இத்தனை வருஷக் கணக்கையும் அவள் தீர்த்துக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முடித்த பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளும் பயந்துதான் இருந்திருக்கிறாள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. உளிதான் காரணம் என்றால், வெட்டு இல்லாத மழை நாளில் கை தேற வேண்டும். எனக்கு மழை நாளுக்கு மறுநாள்தான் அதிகம் வலிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் கோணல் பிறவி போலிருக்கிறது.

இன்னும் ஆள் கேட்டிருக்கிறார்கள் என்று பேச்சு. கிராணியார் முருகேசு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறார். நான் பெரட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்.

மாவு இன்னும் ஒரு பை.

அப்பா


அம்பாங்கான்
ஜூன் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

குட்டு உடைந்துவிட்டது. உங்கள் பதிலைச் சொல்லிக்கொண்டு வந்தேன். மழை நாளுக்கு மறுநாள் என்றதும், "பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி பால் வெட்டவா போகுது?" என்று சிரித்துவிட்டார். பிறகு, "மாமாவுக்குத்தானே?" என்றார். எனக்குப் பொய் அவ்வளவு தூரம்தான் வந்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் எவ்வளவு அக்கறையாகக் கேட்டார் தெரியுமா. "எங்கிட்ட நேரா சொன்னா என்னா? நான் என்ன அந்நியனா?" என்றார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டேன்.

பெரிபெரி இல்லை, வாதமும் இல்லை, நாம் பயந்த பெருநோய் நிச்சயமாக இல்லை என்கிறார். அன்றைக்கு ராத்திரி நான் சாமிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு இருப்பது இரண்டும் சேர்ந்ததாம். கட்டைவிரல் நாரின் உறை வீங்கியிருக்கிறது, அதோடு மணிக்கட்டு வாசலும் நெருக்கிக்கொண்டிருக்கிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால், முக்கியமாகத் திருகுகிற வேலையால், வருமாம். ஒரு மூங்கில் பத்தையைத் துணியால் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டு தூங்குங்கள். சாயங்காலம் வெந்நீரில் கையைப் போடுங்கள். எது வலியைக் கூட்டுகிறதோ அதை விட வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்கிற பலமே போய்விடும் என்கிறார்.

மழை நாளில் அப்படி என்ன செய்கிறீர்கள் அப்பா? அவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சந்திரன் போன வாரம் வந்திருந்தான். ஆளே பாதியாகிவிட்டான். அண்ணனும் தம்பியும் வாசலில் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உங்கள் மாவில் களி கிண்டிக் கொடுத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். "மாமா கை மாவா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

நீலாவதி


கல்லுமலை
ஜூன் 20

நீலாவதிக்கு,

நேற்றுப் பெரட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ படித்துவிட்டு ஒரு கேள்விக்குப் பதில் எழுது.

ஜப்பான் ராஜாவுக்காகக் கிழக்கே பார்த்துக் குனிந்து நிமிர்ந்த பிறகு, கிராணியார் தன் யாழ்ப்பாணத் தமிழில் என்னைக் கூப்பிட்டார். "இராஜமாணிக்கம், இஞ்சை வாரும்." போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போனேன். "வலக் கையை நீட்டும்" என்றார். நீட்டினேன். "கட்டைவிரலை உள்ளுக்கு மடியும். மற்ற விரலாலை அதைப் பொத்தும். இப்ப மணிக்கட்டைக் கீழை சாயும்."

நீலா, கிராணியாருக்கு வைத்தியம் தெரியாது. தலைவலிக்கு முழங்காலில் தைலம் தடவுகிற ஆள் அவர்.

நான் மெதுவாகச் சாய்த்து ஏமாற்றப் பார்த்தேன். அவர் விரலால் ஒரு தட்டு தட்டினார். இந்தத் தடவை பூரான் என்று சொல்ல முடியவில்லை. தோட்டமே பார்த்தது.

"உமக்கு ஏலாது எண்டு ஏன் முன்னமே சொல்லேல்லை?" என்றார். அவர் குரலில் கோபமில்லை, வெட்கம்தான் இருந்தது. "யாருங்க சொன்னது?" என்றேன். "அதை என்னட்டைக் கேளாதையும்." சயாமுக்கு எழுதியிருந்த பெயர்களில் சந்திரன் பெயரை அடித்து அந்த இடத்தில் என் பெயரை எழுதினார். என் நிரையைச் சந்திரனுக்குக் கொடுத்தார். என் உளியையும் அவனிடமே கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அவன் வாங்கும்போது தலையை நிமிர்த்தவில்லை. "பிடி தளர்ந்திருக்கு, ஆப்பு வச்சுக்கடா" என்று சொல்லிவிட்டேன். பழக்க தோஷம். அப்போதுதான் அவன் அழுதான்.

அந்தச் சோதனை இந்த நாட்டில் யாருக்கும் தெரியாது என்று உன் வீட்டுக்காரர் பெருமைப்பட்டதாக நீ எழுதியிருந்தாய். அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உன் அம்மாவைச் சேர்த்துக்கொண்டாலும், அவளுக்கு வலது கை எது என்று கேட்டால் சாப்பிட்டுக் காட்டித்தான் சொல்வாள்.

ஆள் பிடிக்க வந்தவன் என்னைப் பிடித்தால் நான் ஓடியிருப்பேன், ஒளிந்திருப்பேன், கெஞ்சியிருப்பேன். அவனுக்கு நான் யார். என் கையைப் பற்றி நான் என் வீட்டுக்குள் சொன்னேன். நீ ஒவ்வொரு விரலாகக் கேட்டாய், நான் ஒவ்வொரு விரலாகச் சொன்னேன். முதுகில் முள்ளால் குத்திப் பார்த்ததைக்கூட எழுதினேன். அதையெல்லாம் நான் சிரிப்பாக எழுதியது நீ சிரிக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கடிதங்களை உங்கள் வீட்டில் உட்கார்ந்து யாரோ எடை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

என் கேள்வி இதுதான். உனக்குத் தெரியுமா?

மாவு அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். பிழிந்து வைத்தது புளித்துப்போய்விடுமே.

இராஜமாணிக்கம்


அம்பாங்கான்
ஜூன் 27

அப்பா,

தெரியாது. நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் அதையும் நான் சுமந்துகொள்கிறேன். உங்கள் பேச்சை மீறி யாருடைய கை என்று ஒப்புக்கொண்டது நான்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவர் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். போய் நின்றேன். "கிராணியாருக்கு அந்தச் சோதனையைச் சொல்லிக் குடுத்தது யாரு?" என்று கேட்டேன். தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"சந்திரனுக்கு பத்தொன்பது வயசு நீலா."

"எங்கப்பாவுக்கு வயசே இல்லையா?"

"நான் சொல்றதக் கேளு. சந்திரன் உடம்புல ஒண்ணுமில்ல, அவன் போனா போனதுதான். மாமா கையைப் பார்த்தா எந்த டாக்டரும் திருப்பி அனுப்பிடுவாங்க. ரெண்டு பேரும் தப்பிக்கிறதுக்கு வேற வழி என்னா இருக்கு, நீயே சொல்லுலா."

"வழி நல்ல வழிதான். எங்கப்பாகிட்ட கேட்டீங்களா?"

துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சோதனையைக் கிராணியாருக்குச் சொல்லச் சந்திரனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்றைக்கு வாசலில் நின்று பேசியது இதுதான். நான் உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்தேன். "மாமா கை மாவா?" என்று அவன் கேட்டது இப்போது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. அதற்காகத்தான் இதை அவசரமாக எழுதுகிறேன். ஆட்களை ரயிலில் ஏற்றுவதற்கு முன் சிரம்பானில் ஒரு பள்ளிக்கூடத் திடலில் பரிசோதனை செய்கிறார்கள். ஜப்பான் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று ஆளைப் பார்த்துச் சொல்லப்போவது இவர்தான். உங்கள் கையைப் பார்த்து, ஆகாது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன் என்கிறார். என் வயிற்றில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். அவர் கை நடுங்கியது. குழந்தை அந்த நேரம் பார்த்து உதைத்தது. அதனால் நம்புகிறேன். வேறு எதை நம்புவது?

இன்னொன்றும் எழுத வேண்டும். வலி எதனால் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாசியில் ஆரம்பித்தது என்றீர்கள். மாசியில்தான் நான் வாந்தி எடுக்க ஆரம்பித்தேன். மழை நாளில் வெட்டு இல்லை, நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். நேற்று ஒரு துணியை நனைத்து உங்களை மாதிரி முறுக்கிப் பிழிந்து பார்த்தேன். எந்த இடம் இழுக்கிறதோ, அது நீங்கள் எழுதிய அதே இடம். கட்டைவிரல் அடி. மரமும் இல்லை, உளியும் இல்லை. எனக்கு மாவு பிழிந்து பிழிந்துதான் உங்கள் கை போயிருக்கிறது. நான் அதைக் குடித்துக்கொண்டே, கை ஏன் வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

இனி மாவு வேண்டாம். அவரோடு நான் பேசுவதில்லை. சமைத்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

திடலில் சத்தமாகக் கத்துங்கள் அப்பா. பாம்பு என்று ஊரே கூடுகிற மாதிரி கத்துங்கள்.

நீலாவதி


சிரம்பான், பள்ளிக்கூடத் திடல்
ஜூலை 4

என் நீலாவுக்கு,

கணேசமூர்த்தி கிழங்கு மூட்டையை எங்கேயோ போட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். அவனிடம் இதைக் கொடுக்கப்போகிறேன். அதனால் சுருக்கமாக எழுத வேண்டும். எனக்குச் சுருக்கமாக எழுதவும் தெரியாது.

முதலில் மாவு விஷயம். மழை நாளில் என்ன செய்கிறீர்கள் என்று நீ கேட்டபோதே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எழுதினால் நிறுத்தச் சொல்வாய் என்று எழுதவில்லை. நீ உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே. உன் அம்மா பிழிந்தால் தண்ணீர் வரும், நான் பிழிந்தால் மாவு வரும். அந்தப் பெருமைக்குத்தான் பிழிந்தேன் என்று வைத்துக்கொள்.

நீ சொன்னபடி கத்த வேண்டும் என்று தயாராகத்தான் வந்தேன். வரிசையில் நின்றுகொண்டு கட்டைவிரலை உள்ளே மடக்கி வைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் நின்றவன், "என்னாண்ணே, கையில என்னா ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். "வீட்டுக்குப் போற டிக்கெட்டு" என்றேன்.

மாப்பிள்ளை வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் நாற்காலியில் ஜப்பான் டாக்டர். அவருக்குத் தமிழ் தெரியாது, நமக்கு அவர் பாஷை தெரியாது. எல்லாம் சந்தையில் பேசுகிற பசார் மலாயில்தான். என் முறை வந்தது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல், "அடா சாகிட்?" என்றார். வலி இருக்கிறதா என்று கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு நிமிஷம், மாமனாரைப் பார்த்து அடா என்கிறானே என்றுதான் மனசு போனது. இந்த மனசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

"அடா" என்றேன். இருக்கிறது என்று அர்த்தம். மடக்கிய கையை நீட்டினேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். சரியான இடத்தில் பிடித்தார், நீலா. கட்டைவிரல் அடியில், வலிக்கிற அந்த இடத்திலேயே அவர் விரல் இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் போதும், லுக்குட் வரை கேட்டிருக்கும். அழுத்தவில்லை. டாக்டர் பக்கம் திரும்பி, "தாடா" என்றார்.

அடா என்றால் இருக்கிறது. தாடா என்றால் இல்லை. ஒரே ஒரு எழுத்து மாறியது. அந்த ஓர் எழுத்தில் நான் சயாமுக்குப் போகிறேன்.

ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை. என்னைத் திருப்பி அனுப்பினால் தோட்டம் வேறு ஆளைக் கொடுக்க வேண்டும். அடித்த சந்திரன் பெயர் மறுபடி எழுந்து வரும். இது உன் வயிற்றில் கை வைக்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்குமா, என் கையைப் பிடித்த பிறகுதான் தெரிந்ததா என்று இங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் கை நடுங்கியதாக எழுதியிருந்தாய். என் கையைப் பிடித்தபோது நடுங்கவில்லை.

என்னிடம் கேட்டிருந்தால் சந்திரனுக்குப் பதிலாக நானே கையை நீட்டியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நீட்டியிருக்க மாட்டேன். நான் பயந்தாங்கொள்ளி என்பது உன் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் கேட்டிருக்கலாம். இரண்டு நாள் சண்டை போட்டிருப்பேன், கோபித்துக்கொண்டு ஒரு வேளை பட்டினி கிடந்திருப்பேன், அதற்கப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்கவில்லையே, அதுதான்.

இன்னொன்றும் நடந்தது. நான் வரிசையை விட்டு நகர்ந்த பிறகு அவர் பின்னாலேயே வந்தார். பையிலிருந்து ஒரு கட்டுத் துணி எடுத்து என் மணிக்கட்டில் சுற்றினார். கட்டைவிரல் அசையாதபடி, அதே சமயம் மற்ற விரல் மடங்குகிறபடி, மடிப்பு மடிப்பாக. நான் அவர் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இளநரை விழுந்திருக்கிறது, நீ கவனித்தாயா தெரியவில்லை. முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மாசியிலிருந்து என் கை இவ்வளவு சுகமாக இருந்ததில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உனக்கு அந்த வீட்டில் இருக்க லேசாக இருக்கும். எழுதிப் பார்க்கிறேன், கை வரவில்லை. வலியால் இல்லை. நீ பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். பிள்ளை பிறக்கிற வரைக்கும் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே. உன் அம்மாவைக் கூட்டி வந்து வைத்துக்கொள். முள்ளை ஒளித்து வை.

கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். துணியை இதோடு மடித்து அனுப்பியிருக்கிறேன். நல்ல துணி, கடையில் கிடைக்காது. பிள்ளை பிறந்தால் தொப்புளுக்குக் கட்ட ஆகும்.

மாவு வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்காதே. கிழங்கைக் கணேசமூர்த்தி கொண்டுவந்து போடுவான். துருவித் துணியில் மூட்டையாகக் கட்டி, பலகைக்கு அடியில் வைத்து, மேலே ஒரு கனமான கல்லைத் தூக்கி வைத்துவிட்டு உன் வேலையைப் பார். தண்ணீர் தானாக இறங்கிவிடும். எனக்கு இது இன்றைக்குத்தான் தோன்றியது.

கையால் பிழியாதே.

அப்பா